பாக்கலாமாம்

என் மகளைப் பற்றி இந்த உலகத்தில் முதன்முதல் சொல்லப்பட்ட வார்த்தையை நான் பிழையாகக் கேட்டேன். எனக்கு இரண்டு காதும் வடிவாகக் கேட்கும். குறையென்று ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் அவள் விஷயத்தில் மட்டும் என் காது ஒருநாளும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணி கட்டி மறைத்து, நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிள்ளை அழுதது. துணிக்கு அந்தப் பக்கம் ஒரு தாதி மற்றத் தாதியிடம் சிங்களத்தில் சொன்னா: "கன பொடியி." என்னுடைய சிங்களம் சந்தைச் சிங்களம். எவ்வளவு, குறையுங்கள், பெரியது, சின்னது, அவ்வளவுதான். 'பொடி' என்றால் சின்னது என்று தெரியும். 'கன' எங்கள் தமிழ்ச் சொல்தானே? கன நாள், கன பேர், கன தூரம். ஆகவே பிள்ளை கனக்கச் சின்னது என்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

"எத்தினை கிலோ?" என்று கத்தினேன்.

மூன்று கிலோ நூறு என்று யாரோ தமிழில் சொன்னார்கள்.

"பிறகென்ன கன பொடி? மூண்டு கிலோப் பிள்ளை பொடியோ?"

தையல் போடுகிற டொக்டர் என்னை அசையாமல் கிடக்கச் சொன்னார். வார்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான், கட்டிலைத் தள்ளிவந்த பெண் என் பக்கத்தில் குனிந்து, "அக்கா, கன எண்டால் சிங்களத்தில காது. பிள்ளையின்ர ஒரு காது சின்னன். அதைத்தான் சொன்னவை" என்றாள்.

பிள்ளையைத் திருப்பிப் பார்த்தேன். இடது காது அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. வலது பக்கத்தில் காது இருக்கவேண்டிய இடத்தில் தோலுரித்த கச்சான் கடலை அளவில் ஒரு முடிச்சு. அதன் கீழ் நுனியில் மெத்தென்ற ஒரு துளி தசை, காதுச் சோணை என்று சொல்லலாம். துவாரம் இல்லை. நான் பிள்ளையை மறுபடி இடப்பக்கம் தெரியத் திருப்பிவிட்டேன்.

நான் தையல்காரி. திருகோணமலையில், துறைமுகத்துக்கு ஏறிப்போகிற தெருவொன்றில் எங்கள் வீடு. முன்னறையில் இரண்டு மெசின். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் சேலை பிளவுசும் தைப்பேன். பிள்ளை பிறந்த முதல் வருடத்தில் நான் தைத்தது அதிகமும் தொப்பிதான். பூப்போட்டது, கட்டம் போட்டது, காதை மூடி நாடியில் முடிச்சுப் போடுகிறது. எங்கள் ஊர் வெயிலுக்குப் பிள்ளைக்குக் காது மூடித் தொப்பி தைத்த விசரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குளிர்க்காற்றுப் படக்கூடாது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

கேட்க வந்தவர்களோ வேறு கேட்டார்கள். "கிரகணத்தண்டு கத்தரிக்கோல் பிடிச்சனியோ?" சொந்தக்காரர், பிளவுஸ் தைக்க வருகிறவர்கள், ஏன், மீன் விற்கிற பெண்கூடக் கேட்டாள். கத்தரிக்கோல் பிடிக்காமல் தையல்காரி கஞ்சி குடிக்கிறது எப்படி என்று நான் திருப்பிக் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். ஆனால் எல்லோரும் போன பிறகு பழைய கலண்டரை எடுத்து, வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில் எப்போது கிரகணம் வந்தது என்று விரல் வைத்துப் பார்த்தேன். பார்த்ததற்காக என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

என் மனுசன் படகு எஞ்சின் திருத்துகிறவர். கரையோரமாகச் சல்லியிலிருந்து இலங்கைத்துறை வரைக்கும் பழுதான எஞ்சின் அவர் கைக்குத்தான் வரும். முப்பது வருடம் எஞ்சின் சத்தத்துக்குள் தலையை வைத்திருந்ததில் அவருக்கு இரண்டு காதும் பாதிதான் கேட்கும். அதனால் எங்கள் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்பதே சண்டை மாதிரி இருக்கும். எனக்கு மெதுவாகக் கதைக்கிற பழக்கம் விட்டுப்போயிற்று. கலண்டரோடு நான் இருந்ததைக் கண்டு அவர், "விசர் வேலை பாக்காதை. ஒரு காதிலயே உன்ர சத்தம் தாங்க ஏலாது பிள்ளைக்கு" என்று சிரித்தார். நான் கலண்டரை அவர் மேலே எறிந்தேன்.

மகள் வளர்ந்தாள். நேரத்துக்குக் கதைத்தாள், கனக்கவே கதைத்தாள். இடக்காது இரண்டு பேருக்குரிய வேலையைச் செய்தது. தொலைக்காட்சியில் சிங்களக் காட்டூன் பார்த்துப் பார்த்து, நான் இருபது வருடம் சந்தையில் படிக்காத சிங்களத்தை இரண்டே வருடத்தில் படித்துவிட்டாள். ஒன்றுதான் அவளுக்கு ஏலாமல் இருந்தது. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. குசினியிலிருந்து கூப்பிட்டால் வாசலைப் பார்ப்பாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் வானத்தைப் பார்ப்பாள். நாங்கள் எல்லோரும் எப்போதும் அவளுக்கு இடப்பக்கமாகவே நின்றோம், இடப்பக்கமாகவே நடந்தோம். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை, அப்படியே பழகிவிட்டது.

ஆறு வயதில் ஒருநாள் சந்தைக்கு முன்னால் தெருவைக் கடந்தோம். நான் மரக்கறிப் பையோடு ஓரடி பின்னால். வலப்பக்கத்திலிருந்து ஓட்டோ ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் சத்தத்தைக் கேட்டாள். கேட்டு, நன்றாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஓட்டோவுக்கு முன்னால் காலை வைத்தாள். பையைப் போட்டுவிட்டுப் பின்னலைப் பிடித்து இழுத்தேன். தக்காளி தெருவெல்லாம் உருண்டது. "பிள்ளைக்குக் காது கேக்காதோ?" என்று ஓட்டோக்காரன் கத்தினான். அவனுக்கு நான் சொன்னதை இங்கே எழுத ஏலாது.

அன்றைக்குத்தான் எனக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாயிற்று. அந்தப் பக்கமும் அவளுக்குக் கேட்கவேண்டும். வடிவு, வளைவு ஒன்றும் எனக்குப் பெரிதில்லை.

மறு மாதமே வெளியூர்ப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். காலை பஸ் எடுத்தால் ஐந்து மணி நேரம். அங்கே காது செய்கிற டொக்டர் ஒருவர் இருக்கிறார் என்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எழுதித் தந்திருந்தார்கள். மெலிந்த மனிதர், சிங்களவர், சத்தம் போடாமல் கதைப்பார். அவருக்குத் தமிழ் வணக்கம் வரை வரும். அன்று பக்கத்தில் டொக்டருக்குப் படிக்கிற, தமிழ் தெரிந்த பிள்ளை ஒன்று நின்றதால் எல்லாம் விளங்கியது. வயிற்றில் பிள்ளை உருவாகி ஒன்றரை மாதத்தில், கழுத்தடியில் ஆறு சின்ன மொட்டுகள் எழும்புமாம். ஆறும் ஒன்றாகச் சேர்ந்து, மெல்ல மேலே ஏறி வந்து காது மடல் ஆகுமாம். சில பிள்ளைகளுக்கு அந்த மொட்டுகள் சேராமல் நின்றுவிடும். ஏனென்று பெரும்பாலும் ஒருவருக்கும் தெரியாது. ஒன்றரை மாதத்தில் எனக்குப் பிள்ளை தங்கியிருப்பதே தெரியாது. "ஏதும் வெட்டினதாலயோ? கத்தரிக்கோல்..." என்று இழுத்தேன். அந்தப் படிக்கிற பிள்ளை சிங்களத்தில் மாற்றிச் சொல்ல, டொக்டர் என்னை நேரே பார்த்து, எனக்கும் தெரிந்த சிங்களத்தில் 'இல்லை, இல்லை, இல்லை' என்று மூன்று தரம் சொன்னார். அழுகை வந்துவிட்டது. ஆறு வருடமாக என்னோடு கிடந்த கலண்டரை அன்றைக்குத்தான் மனதிலிருந்து எறிந்தேன். அந்த அழுகையில், கேட்குமோ என்று கேட்க மறந்தே போனேன்.

காதை உடனே செய்ய ஏலாது என்றார். விலா எலும்பின் முன் நுனியில் இருக்கிற குருத்தெலும்பை எடுத்துத்தான் காதுச் சட்டம் செதுக்கவேண்டும். அதற்குப் பிள்ளையின் விலா வளரவேண்டும். நெஞ்சுக் கூட்டுக்குக் கீழே நாடா பிடித்தால் அறுபது சென்ரிமீற்றர் வந்த பிறகு வாருங்கள் என்றார். இவ்வளவு வெளிச்சமான கணக்கை ஒரு டொக்டர் வாயால் நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அளவு நாடா என் கழுத்தில் தொங்குகிற சாமான் அல்லவா?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது ஒரு வேலையாகவே ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மெசினுக்கு முன்னால் வந்து நிற்பாள். "அம்மா, அளவுங்கோ."

"போன கிழமைதானே அளந்தனான்?"

"இண்டைக்கு இடியப்பம் பத்துச் சாப்பிட்டனான்."

என்னிடம் பிளவுசுக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றைச் சின்னதாக்குவார்கள். இவள் மாத்திரம் நெஞ்சை முட்ட ஊதிக்கொண்டு முகம் சிவக்க நிற்பாள். "மூச்சை விடடி கள்ளி" என்று இடுப்பில் கிள்ளுவேன். நாடா நாலு சென்ரிமீற்றர் இறங்கும். அவள் முகமும் இறங்கும். அப்போது நான் சிரித்தேன். ஒரு பிள்ளை எதற்காக இவ்வளவு மூச்சுப் பிடிக்கிறது என்று யோசிக்கவில்லை.

காலையில் தலை வாரி இழுக்கிற நேரத்திலும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல் கட்டாயம். இறுக்கி வாரி, ரிபன் கட்டி, காது தெரிய விடவேண்டும். அவள் தினமும் "இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி விடுங்கோ" என்பாள். தளர்த்தி விட்டால் ஆசிரியை மறுநாள் சொல்லியனுப்புவா. இடப் பின்னலை நான் ஆறுதலாகப் பின்னுவேன். வலப் பின்னலை, கை தன்பாட்டில் ஓட, சமையலைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ கதைத்துக்கொண்டு, வாசற் படலையைப் பார்த்தபடி பின்னி முடித்துவிடுவேன். ஒன்பது வயதில் மூக்குக்கண்ணாடி வேறு வந்தது. ஒரு பக்கம் கொளுவக் காது இல்லை. இலாஸ்டிக் தைத்துக் கொடுத்தேன். விளையாடும்போது இலாஸ்டிக் மேலே ஏறி, கண்ணாடி நெற்றியில் நிற்கும்.

பதினோராம் வயதில் ஒருநாள், மூச்சை விட்ட பிறகும் நாடா அறுபது காட்டியது. இரண்டு தரம் அளந்தேன். அவள் தெருவுக்கு ஓடிப்போய், எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் அங்கே மேய்ந்துகொண்டு நின்ற ஒன்றுக்குக்கூடச் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாம் முறை போனபோது தமிழ் தெரிந்தவர் ஒருவரும் பக்கத்தில் இல்லை. மகளே மொழிபெயர்த்தாள். டொக்டர் சிங்களத்தில் சொல்ல, அவள் தலையை இடப்பக்கமாகச் சரித்துக் கேட்டு, எனக்குத் தமிழில் சொன்னாள். பெருமையாக இருந்தது. டொக்டர் கண்ணாடி போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை அவள் இடக்காது மேலே வைத்து, பேனையால் அதன் கோடெல்லாம் கீறினார். கீறும்போது ஒவ்வொன்றாகக் காட்டினார். வெளி ஓரத்தில் மடித்துத் தைத்த மாதிரிச் சுற்றிவருகிற விளிம்பு. அதற்கு உள்ளே கவர்க்கம்பு போல இரண்டாகப் பிரிகிற மேடு. நடுவில் கிண்ணக் குழி. குழிக்கு வாசலில் காவல் நிற்கிற சின்னத் தசை. கீழே குருத்தெலும்பே இல்லாத சோணை. பதினொரு வருடம் பெற்று வளர்த்த பிள்ளையின் காதில் இவ்வளவு வேலைப்பாடு இருக்கிறதென்று எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு அவர் அந்தத் தாளை மறுபக்கம் புரட்டி, வலப்பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

எனக்கு அந்த மனிதர்மேல் ஒரேயடியாக நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். சட்டைக்குக் கை வெட்டும்போது கடதாசியைப் புரட்டாமல் வெட்டினால் இரண்டும் இடக்கையாகப் போய்விடும். தொடக்கத்தில் நானே எத்தனை துணியைப் பாழாக்கியிருக்கிறேன். "ஆள் வேலை தெரிஞ்சவர்" என்று மகளிடம் சொன்னேன்.

அவள் மிச்சத்தைச் சொன்னாள். விலாவிலிருந்து எடுத்த குருத்தெலும்பில் அந்தத் தாளின்படி செதுக்கி, மெல்லிய கம்பியால் கட்டி, வலப்பக்கத் தோலுக்குக் கீழே பை மாதிரி இடம் பிரித்து உள்ளே வைப்பார்கள். இப்போது இருக்கிற முடிச்சின் சோணையைத் திருப்பிப் புதுக் காதுக்குச் சோணை ஆக்குவார்கள். அரை வருடம் கழித்து இன்னொரு ஒப்பரேசன். தலையோடு ஒட்டியிருக்கிற காதைத் தூக்கி நிறுத்துவதற்கு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நான் கேட்கவந்ததைக் கேட்டேன்.

"கேக்குமோ எண்டு கேள்."

அவள் கேட்டாள். டொக்டர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டு ஓமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் நாட்டில் தலையாட்டை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. பிறகு கொஞ்ச நேரம் ஆறுதலாக அவளுக்கு எதையோ விளங்கப்படுத்தினார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாக்கலாமாம்" என்றாள்.

பாக்கலாமாம்! அது போதாதா எனக்கு? வேலை தெரிந்த ஒரு மனிதர் பார்க்கலாம் என்று சொன்னால் முக்கால்வாசி சரி என்றுதானே அர்த்தம்? பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் நான் வாய் ஓயவில்லை. இனிக் கப்பல் ஊதினால் எந்தப் பக்கமென்று தெரியும், ஓட்டோ வந்தால் தெரியும், இரண்டு பக்கமும் ஆட்களை வைத்துக்கொண்டு நடக்கலாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். களைத்துப்போனாள் என்று நினைத்தேன். மறுநாள் சல்லி அம்மன் கோயிலுக்குப் போய், பிள்ளைக்கு அந்தக் காதும் கேட்டால் பொங்கல் வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு வந்தேன்.

ஒப்பரேசனுக்கு முதல் நாள் பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் இருந்தாள். ஒரு தாதி கையொப்பம் வாங்கக் கடதாசியோடு வந்தா. என் பேச்சைக் கேட்டதுமே முகம் மலர்ந்து, "நீங்க திருகோணமலையா? நான் கிண்ணியா" என்றா. கிண்ணியா எங்கள் குடாவுக்கு அந்தக் கரை. எனக்கும் சொந்தத்தைக் கண்ட மாதிரி இருந்தது. "எல்லாத்தையும் நான் தமிழில சொல்றன் அக்கா, விளங்கித்தான் ஒப்பம் வைக்கணும்" என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தா. மயக்கம், விலா, நோவு, கிருமி. நான் தலையாட்டினேன். பிறகு சொன்னா: "இது பார்வைக்குச் செய்யிற காது. கேள்வியில ஒரு மாற்றமும் வராது."

"என்ன?"

"கேக்காது அக்கா. உள்ளுக்கு வழி இல்லத்தானே. இது வெளிக்காது மட்டும்."

"டொக்டர் பாக்கலாமெண்டு சொன்னவர்!"

தாதி மகளைப் பார்த்தா. மகள் போர்வையைப் பார்த்தாள். "டொக்டர் பிள்ளைக்கு ரெண்டு தரம் வடிவா விளங்கப்படுத்தினவராம். அம்மாக்குச் சொல்றன் எண்டு பிள்ளை சொல்லியிருக்கு" என்றா தாதி, மெதுவாக.

நான் மகள் பக்கம் திரும்பினேன். "என்ன கோதாரியடி இது? பொய் சொன்னனியோ எனக்கு?"

"பொய் சொல்லேல்ல. கேக்காது, ஆனால் பாக்கலாம் எண்டுதான் டொக்டர் சொன்னவர். நான் கடைசிப் பாதியைச் சொன்னனான்."

அந்தக் கெட்டித்தனத்தைக் கண்டு இன்னொரு நாளில் என்றால் சிரித்திருப்பேன். அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எழும்படி. வீட்டை போவம். கேக்காத காதுக்கு என்னத்துக்குப் பிள்ளையின்ர நெஞ்சைக் கீறுறது? ஒரு ஒப்பரேசன் இல்லை, ரெண்டு! விசரே எனக்கு?" பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பையை எடுத்து அவளுடைய சட்டைகளைத் திணிக்கத் தொடங்கினேன்.

அவள் எழும்பவில்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கேக்கிறது உங்களுக்குத்தான் வேணும் அம்மா. எனக்குக் காது வேணும்."

"ஏன்டி முதலே சொல்லேல்ல?"

"சொன்னால் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டீங்கள்."

உண்மை. வந்திருக்க மாட்டேன்.

"எனக்குக் கேக்கிறதுக்கு ஒண்டு போதும்" என்றாள். "நான் கண்ணாடியில அந்தப் பக்கம் பாக்கிறேல்ல. நீங்களும் பாக்கிறேல்ல. தலை இழுக்கேக்க நீங்கள் படலையைப் பாப்பீங்கள். எனக்குத் தெரியும்."

பை என் கையிலிருந்து கீழே விழவில்லை, நான்தான் வைத்தேன். கட்டில் ஓரத்தில் இருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலை இழுக்கக் கொடுக்கிறாள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்றதாயாக இருந்துகொண்டு, பதினொரு வயதுப் பிள்ளைக்கு முன்னால் எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.

ஊருக்குப் போன் எடுத்தேன். என் மனுசன் ஏதோ படகில் நின்றார். எஞ்சின் இரைந்தது.

"கேக்காதாம்!" என்றேன்.

"என்ன?"

"கேக்காதாம் எண்டு சொல்றன்!"

"எனக்கும் கேக்கேல்ல! பொறு, எஞ்சினை நிப்பாட்டுறன்."

கிண்ணியாத் தாதி வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினா. எஞ்சின் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், சத்தமாகத்தான். அலை படகில் அடிக்கிறது கேட்டது.

"அவள் என்ன சொல்றாள்?"

"வேணுமாம்."

"பிறகென்ன?" என்றார். "வை ஒப்பத்தை."

வைத்தேன். என் பெயரின் கடைசி எழுத்து கோணிப்போய்த்தான் இருக்கும் இன்றைக்கும் அந்தக் கடதாசியில்.

மறுநாள் காலையில் கொண்டுபோய்ப் பின்னேரம்தான் திருப்பித் தந்தார்கள். தலையெல்லாம் கட்டு. கட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து ஒரு சின்னப் போத்தலில் முடிந்தது. தோலுக்குள் இருக்கிற நீரையும் காற்றையும் அது உறிஞ்சுமாம். உறிஞ்ச உறிஞ்சத் தோல் உள்ளே இறங்கிக் குருத்தெலும்பின் மேடுபள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம். அவளுக்கு நொந்தது காது இல்லை, நெஞ்சு. சிரிக்க ஏலாது, தும்ம ஏலாது. "அம்மா, நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ, சிரிப்பு வருது" என்று கெஞ்சினாள். என் வாழ்க்கையில் அந்த ஐந்து நாளும்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கட்டு அவிழ்த்த அன்று டொக்டர் என்னைக் கிட்ட வரச் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். சிவந்து, வீங்கி, தையல் தெரிய, தலையோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. ஆனால் விளிம்பு இருந்தது. கவர்க்கம்பு மேடு இருந்தது. கிண்ணக் குழி இருந்தது. பழைய கச்சான் முடிச்சின் சோணை இடம் மாறிக் கீழே வந்து குந்தியிருந்தது. புரட்டி வைத்த தாளின்படியே எல்லாம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "போதும் அம்மா, கூச்சமாக் கிடக்கு" என்று அவள்தான் கடைசியில் சொன்னாள்.

அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். கேட்டால்தானே என்று நேர்ந்தாய், இப்போது என்னத்துக்கு என்று என் மனுசன் பகிடி பண்ணினார். நான் அம்மனிடம் பிழையாகக் கேட்டதற்கு அம்மன் என்ன செய்வா?

போன கிழமை மருந்து கட்டிவிட்டு, எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கடற்கரைத் தெருவால் பஸ்ஸுக்கு நடந்து வந்தோம். வழக்கம்போல நான் அவளுக்கு இடப்பக்கம். கொஞ்சத் தூரம் வந்ததும் அவள் என் கையைப் பிடித்து மறுபக்கத்துக்கு இழுத்தாள்.

"இந்தப் பக்கம் வாங்கோ."

"இந்தப் பக்கம் உனக்குக் கேக்காதெல்லோ?"

"கேக்காட்டிப் பரவாயில்லை. பாக்கலாம்தானே."

முதன்முதலாக அவளுக்கு வலப்பக்கத்தில் நடந்தேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. சுற்றியிருக்கிற மலையெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னதில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் வானத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் பின்னலை அன்று இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்தாள். புதுக் காது வெயிலில் சிவப்பாக, என் கண்ணுக்கு நேரே இருந்தது.

இந்தக் காதுக்குக் கேட்காதுதானே என்ற துணிவு எனக்கு எங்கிருந்தோ வந்தது. குனிந்து, அந்தப் புதுக் காதுக்குள், பதினொரு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை எவ்வளவு மெதுவாகச் சொல்ல ஏலுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். "தொப்பி குளிருக்கில்லை பிள்ளை. எனக்குப் பாக்க ஏலாமல்தான் தைச்சனான். என்னை மன்னிச்சிரு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தேன். நெஞ்சு கொஞ்சம் இலேசாகியிருந்தது. பத்தடி போயிருப்போம்.

"அம்மா" என்றாள், முன்னால் பார்த்துக்கொண்டே. "நீங்கள் மெல்லக் கதைச்சாலும் கிண்ணியா வரைக்கும் கேக்கும்."

நான் நின்றுவிட்டேன்.

"மற்றக் காதில கேட்டிட்டுது" என்றாள். "பரவாயில்லை. வாங்கோ, பஸ் போகப்போகுது."

என் கையை அவள் விடவில்லை.